ஏழையான சின்ன நாட்டுக்கு ராணுவம் வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளோடு உட்கார்ந்து உலக நடப்பு பேசுவது என் வழக்கம். பெரும்பாலும் கோட்டூர்புரம் நூலகத்து வாசல் பக்கம்தான். வரைபடத்தில் புள்ளியாகத் தெரிகிற நாடுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், "இவர்களுக்கெல்லாம் எதற்கு சார் ராணுவம்?" என்று ஒருவர் கேட்பார். "ராணுவம் இல்லாமல் அது எப்படி நாடு?" என்று இன்னொருவர் மடக்குவார். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எனக்கென்று ஒரு நிலைப்பாடு உண்டு, அதை மறைக்கவில்லை.

ராணுவமே இல்லாத நாடுகள் உண்மையிலேயே இருக்கின்றனவா?

சுமார் இருபது நாடுகள் இருக்கின்றன. கோஸ்டா ரிகா, பனாமா, ஐஸ்லாந்து, மொரீஷியஸ், சமோவா, சாலமன் தீவுகள், கிரிபாட்டி, டொமினிக்கா, கிரெனடா என்று பட்டியல் நீளும். இவற்றில் நமக்கு மனதளவில் நெருக்கமானது மொரீஷியஸ். அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1968இல் விடுதலை பெற்றபோது கரும்பைத் தவிர பெரிதாக ஒன்றும் இல்லாத, இது தேறாது என்று பொருளாதார அறிஞர்களே கைவிரித்த தீவு அது. அன்றிலிருந்து இன்றுவரை அங்கே நிரந்தர ராணுவம் கிடையாது. போலீஸ் உண்டு, போலீசுக்குள்ளேயே ஆயுதப் பயிற்சி பெற்ற ஒரு சிறப்புப் பிரிவு உண்டு, கடலோரக் காவல் படை உண்டு. எல்லாம் ஒரே போலீஸ் தலைமையின் கீழ் வருகின்றன.

உங்கள் நிலைப்பாடு என்ன?

பெரும்பாலான சின்ன, ஏழை நாடுகளுக்கு நிரந்தர ராணுவம் தேவையில்லை. அந்த நாடுகளின் வரலாற்றில் ராணுவம் எல்லையில் எதிரியோடு மோதியதைவிடத் தலைநகரில் சொந்த அரசோடு மோதியதுதான் அதிகம். ஆனால் ராணுவத்தைக் கலைத்துவிட்டுப் போலீசையும் நீதிமன்றத்தையும் கவனிக்காமல் விட்ட நாடு அதைவிட மோசமான நிலைக்குப் போகும். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ராணுவம் இல்லை என்று தெரிந்தால் பக்கத்து நாடு புகுந்துவிடாதா?

புகுந்திருக்கிறது. கோஸ்டா ரிகாவில் 1948இல் ஆறு வாரங்களுக்கு மேல் உள்நாட்டுப் போர் நடந்தது. அதில் வென்ற ஹோசே ஃபிகெரஸ் அந்த ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி, தலைநகரின் பெயாவிஸ்தா ராணுவ முகாம் சுவரைச் சம்மட்டியால் அடித்து, ராணுவம் கலைக்கப்பட்டது என்று அறிவித்தார். 1949 அரசியல் சட்டத்தின் 12ஆம் பிரிவு அதை உறுதியாக்கியது. அறிவித்த அதே மாதத்தில், போரில் தோற்ற தரப்பு நிகரகுவாவிலிருந்து படையெடுத்து வந்தது. 1955 ஜனவரியிலும் வந்தது. இரண்டு முறையும் வட, தென் அமெரிக்கக் கண்டங்களின் நாடுகள் சேர்ந்த அமெரிக்க நாடுகள் அமைப்பு தலையிட்டது. இரண்டாம் முறை அமெரிக்கா நான்கு போர் விமானங்களை விமானத்துக்கு ஒரு டாலர் என்று பெயருக்கு விலை வைத்துக் கொடுத்தது. அந்த நாடுகளோடு இருந்த பாதுகாப்பு ஒப்பந்தம் வெறும் காகிதமாக இருந்திருந்தால் அந்த நாடு அன்றே போயிருக்கும். கூப்பிட்டால் வருகிற நட்பு இருந்ததால் பிழைத்தது.

2010இல் இன்னொரு தகராறு வந்தது. எல்லையில் ஓடும் சான் ஹுவான் ஆற்றங்கரையில் ஒரு சதுப்பு நிலத்துக்கு நிகரகுவா ராணுவத்தினர் வந்து இறங்கினார்கள். கோஸ்டா ரிகா வழக்கறிஞர்களை அனுப்பியது. சர்வதேச நீதிமன்றம் 2015 டிசம்பரில் அந்த இடம் கோஸ்டா ரிகாவுக்கே என்று தீர்ப்புச் சொன்னது. 2018இல் நிகரகுவா மூன்று லட்சத்து எழுபத்தெட்டாயிரம் டாலருக்கு மேல் இழப்பீடு தரவேண்டும் என்றும் ஆணையிட்டது. ஐந்து ஆண்டு இழுத்தது உண்மைதான். ஒரு போர் அதைவிட மலிவாக முடிந்திருக்காது.

இதற்கு மறுபக்கமும் பாருங்கள். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. குவைத்திடம் பணம் இருந்தது, டாங்கி இருந்தது, போர் விமானம் இருந்தது. இரண்டே நாளில் நாடு கைமாறியது. மீட்டுக் கொடுத்ததும் மற்ற நாடுகளின் படைகள்தான். பல மடங்கு பெரிய பக்கத்து நாடு முடிவெடுத்துவிட்டால் சின்ன ராணுவம் அதைத் தடுக்காது, கொஞ்சம் தாமதப்படுத்தும்.

பேருக்கு ஒரு சின்ன ராணுவம் வைத்துக்கொண்டால் என்ன கெட்டுவிடும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். காம்பியாவின் கதையைத் தெரிந்துகொண்டால் பாதி பதில் கிடைத்துவிடும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் ஓர் ஆற்றின் இரு கரையிலும் நாடா போல நீண்டு கிடக்கும் சின்ன நாடு காம்பியா. மூன்று பக்கமும் செனகல், ஒரு பக்கம் கடல். 1965இல் விடுதலை பெற்றபோது ராணுவமே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். போலீசின் ஆயுதப் பிரிவு மட்டும் இருந்தது. 1981 ஜூலை கடைசியில் அதிபர் தாவ்தா ஜவாரா, சார்லஸ்–டயானா திருமணத்துக்காக லண்டன் போயிருந்தார். திருமணத்துக்கு மறுநாள், 30ஆம் தேதி, குகோய் சம்பா சன்யாங் என்ற இளைஞரின் தலைமையில் ஒரு கூட்டம், ஆயுதப் போலீசில் ஒரு பகுதியையும் சேர்த்துக்கொண்டு, வானொலி நிலையத்தைப் பிடித்தது. ஆயுதக் கிடங்கு திறந்துவிடப்பட்டது. ஜவாராவின் மனைவியும் குழந்தைகளும் பணயக் கைதிகளானார்கள். ஜவாரா லண்டனிலிருந்து செனகலுக்குப் பறந்து வந்து உதவி கேட்டார். செனகல் ராணுவம் உள்ளே வந்து ஒரு வாரத்தில் அடக்கியது. அதற்குள் நூற்றுக்கணக்கானவர்கள் செத்துப்போனார்கள்.

"பார்த்தீர்களா, ராணுவம் இல்லாததால்தானே இப்படி?" என்று அப்போது எல்லோருக்கும் தோன்றியது. காம்பியா ராணுவத்தை உருவாக்கியது. பிரிட்டன் பயிற்சி கொடுத்தது. 1994 ஜூலை 22 அன்று அதே ராணுவத்தின் இளம் அதிகாரிகள், சம்பள பாக்கிக் கோபத்தில் இருந்த சிப்பாய்களோடு சேர்ந்து, ஆட்சியைப் பிடித்தார்கள். துறைமுகத்துக்கு வந்திருந்த ஓர் அமெரிக்கக் கப்பலில் ஏறி ஜவாரா தப்பினார். தலைமை ஏற்ற லெப்டினன்ட் யாஹ்யா ஜாம்மேவுக்கு அப்போது வயது 29. அவர் 22 ஆண்டு உட்கார்ந்தார். பத்திரிகையாளர்கள் கொல்லப்பட்டார்கள், ஆட்கள் காணாமல் போனார்கள். 2016 டிசம்பர் தேர்தலில் தோற்றும் இறங்க மறுத்தார். 2017 ஜனவரியில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டுப்படை எல்லை தாண்டிய பிறகுதான் கிளம்பினார்.

ராணுவம் இல்லாத காம்பியாவைக் காப்பாற்றியது பக்கத்து நாடு. ராணுவம் வந்த பிறகு காம்பியாவை அதன் ராணுவத்திடமிருந்து காப்பாற்றியதும் பக்கத்து நாடுகள்தான். இடையில் போன 22 ஆண்டுகளை யார் திருப்பித் தருவது?

ஃபிஜியின் கதை நம்மவர்களுக்கு இன்னும் நேரடியானது. 1903 முதல் 1916 வரை மதராஸ் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாக ஒப்பந்தக் கூலிகளை அந்தத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றி அனுப்பினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஓட்டுப் போட்டு, இந்திய வம்சாவளியினர் பெருமளவில் இடம்பெற்ற ஓர் அரசு 1987 ஏப்ரலில் பதவிக்கு வந்தது. அடுத்த மாதம் 14ஆம் தேதி முகமூடி போட்ட சிப்பாய்கள் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து பிரதமரையும் அமைச்சர்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். ராணுவத்தில் ஏறக்குறைய எல்லோரும் ஃபிஜியின் பூர்வகுடி இனத்தைச் சேர்ந்தவர்கள். செப்டம்பரில் மறுபடியும் ஓர் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. 2006இல் இன்னொன்று. ஆயிரக்கணக்கான இந்தியக் குடும்பங்கள் வீடு வாசலை விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கிளம்பின. அந்த ராணுவம் இதுவரை எந்த அந்நியப் படையெடுப்பிலிருந்து ஃபிஜியைக் காப்பாற்றியது என்று தேடிப் பார்த்தால், விடுதலைக்குப் பிறகு ஒன்றுகூட அகப்படாது.

கூலிப்படை வந்து தீவையே பிடித்துவிட்டால்?

மாலத்தீவில் 1988 நவம்பர் 3ஆம் தேதி விடியற்காலையில் அதுதான் நடந்தது. வந்தவர்கள் இலங்கையைச் சேர்ந்த தமிழ் ஆயுதக் குழுவான பிளாட் இயக்கத்தினர், சுமார் 80 பேர். அவர்களை ஏற்பாடு செய்தவர் மாலத்தீவுத் தொழிலதிபர் ஒருவர். நம் பக்கத்தில் இதைப் பேச எல்லோருக்கும் தயக்கம். பேசித்தான் ஆகவேண்டும். அன்றைக்கு மாலத்தீவில் இருந்தது ஒரு சின்னப் பாதுகாப்புப் படை. அதிபர் கயூம் வீடு மாறி வீடு மாறி ஒளிந்துகொண்டே பல நாடுகளிடம் உதவி கேட்டார். அன்று இரவே ஆக்ராவிலிருந்து பறந்த இந்திய பாராசூட் வீரர்கள் ஹுல்ஹுலே விமான நிலையத்தில் இறங்கினார்கள். பணயக் கைதிகளோடு சரக்குக் கப்பலில் தப்பியவர்களை இந்தியக் கடற்படை மடக்கியது.

80 பேர் ஒரு நாட்டைப் பிடிக்க முடியும் என்பது பயமுறுத்துகிற சேதிதான். ஆனால் 80 பேரைத் தடுக்க டாங்கிப் படை வேண்டியதில்லை. கடலைக் கண்காணிக்கிற ரேடாரும், ரோந்துப் படகும், நல்ல உளவுத் தகவலும், பயிற்சி பெற்ற ஆயுதப் போலீசும் போதும்.

அப்படியென்றால் பெரிய நாட்டின் நிழலில் ஒண்டிப் பிழைக்கச் சொல்கிறீர்களா?

நிழலுக்கு விலை உண்டு. அதை ஒத்துக்கொள்கிறேன். மாலத்தீவில் "இந்தியாவே வெளியேறு" என்ற குரல் தேர்தல் முழக்கமானது. விமானம், ஹெலிகாப்டர் பராமரிக்க அங்கிருந்த நம் ராணுவத்தினர் 2024 மே மாதத்துக்குள் திரும்ப வேண்டியதாயிற்று. மொரீஷியஸின் அகலேகா தீவில் இந்தியா கட்டிக்கொடுத்து 2024 பிப்ரவரியில் திறந்த ஓடுதளத்தைப் பற்றியும் அங்கே கேள்விகள் உண்டு.

ஆனால் ராணுவம் வைத்திருக்கிற ஏழை நாடு மட்டும் யாருடைய நிழலிலும் இல்லையா? துப்பாக்கி, தோட்டா, உதிரி பாகம், பயிற்சி எல்லாம் வெளியிலிருந்துதான் வருகின்றன. நம் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி மையத்திலேயே பூடான், மாலத்தீவு போன்ற நாடுகளின் இளைஞர்கள் பயிற்சி எடுத்துப் போகிறார்கள். ஒரே நாட்டைச் சார்ந்திருப்பதைவிட, பல சின்ன நாடுகள் சேர்ந்து கூட்டாகச் செய்துகொள்ளும் ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. கிழக்குக் கரீபியன் தீவுகள் 1982இல் அப்படி ஒரு வட்டாரப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கின. அதற்கு முந்தைய ஆண்டுதான் டொமினிக்கா, தன் அரசைக் கவிழ்க்கச் சதி செய்த பாதுகாப்புப் படையைக் கலைத்திருந்தது.

ஹெய்ட்டியைப் பார்த்த பிறகும் இப்படிச் சொல்லலாமா?

என் நிலைப்பாட்டுக்கு எதிரான வலுவான வாதம் கரீபியன் நாடான ஹெய்ட்டிதான். 1991இல் ராணுவம் அதிபர் அரிஸ்டீடைக் கவிழ்த்தது. 1994இல் அமெரிக்கத் துருப்புகளின் துணையோடு திரும்பி வந்தவர், 1995இல் ராணுவத்தைக் கலைத்தார். சுமார் 7,000 பேர். ஆயுதங்கள் முழுசாகத் திரும்பி வரவில்லை. பென்ஷன் வரவில்லை என்ற கோபம் உள்ளே புகைந்துகொண்டே இருந்தது. அவசர அவசரமாகப் புதிய போலீஸ் உருவாக்கப்பட்டது. 2004இல் அரிஸ்டீடை மறுபடி விரட்டிய கிளர்ச்சியில் முன்னாள் சிப்பாய்கள் முன்வரிசையில் நின்றார்கள். பிறகு 2017 வரை ஐ.நா. படை இருந்தது. 2021 ஜூலை 7 அன்று அதிபர் மொயீஸ் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். கொலையில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் கொலம்பியாவின் முன்னாள் ராணுவத்தினர். இன்று தலைநகரின் பெரும்பகுதி ஆயுதக் கும்பல்களின் கையில்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2017இல் ஹெய்ட்டி ராணுவத்தை மறுபடி உருவாக்கிவிட்டது. கும்பல்கள் அதற்குப் பிறகுதான் இந்த அளவுக்கு வளர்ந்தன. அவர்கள் கையில் இருக்கும் துப்பாக்கிகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து கடத்தி வந்தவை. சுங்கத் துறையும் துறைமுகமும் போலீசும் நீதிமன்றமும் ஒழுங்காக இருந்தால் தடுக்கக்கூடியது அது. கலைத்தது தப்பில்லை, கலைத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டதுதான் நாசமாயிற்று என்பது என் கணிப்பு.

கோஸ்டா ரிகாவிலும் இப்போது போதைப்பொருள் கடத்தலால் கொலைகள் கூடிவிட்டன. 2023இல் 900ஐத் தாண்டின, அந்த நாட்டில் அதுவரை இல்லாத எண்ணிக்கை. அங்கேயும் ராணுவம் வேண்டும் என்ற பேச்சு எழும். கடத்தல்காரனைப் பிடிக்கத் துப்பறிகிற போலீஸ்காரர் வேண்டும். பீரங்கி எதற்கு?

எந்த நாட்டுக்குக் கட்டாயம் ராணுவம் வேண்டும்?

எல்லையில் உண்மையான, கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து இருக்கும் நாட்டுக்கு. போட்ஸ்வானா 1966இல் விடுதலை பெற்றபோது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. பதினோரு ஆண்டு ராணுவம் இல்லாமலே ஓட்டியது. பக்கத்தில் ரொடீஷியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) வெள்ளையர் ஆட்சிப் படைகள் எல்லை தாண்டித் தாக்க ஆரம்பித்ததால் 1977இல் ராணுவம் அமைத்தது. அங்கே இதுவரை ஆட்சிக் கவிழ்ப்பு நடந்ததில்லை. பொதுமக்களின் அரசு முதலில் வேரூன்றியது, ராணுவம் பிறகு வந்தது. அந்த வரிசை முக்கியம்.

தான்சானியாவும் உண்டு. 1964இல் சிப்பாய்கள் கலகம் செய்தபோது அதிபர் நைரேரே அந்தப் படையையே கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டினார். 1978இல் இடி அமீனின் உகாண்டாப் படை உள்ளே நுழைந்தபோது, அந்தப் புதிய ராணுவம்தான் விரட்டியது, அடுத்த ஆண்டு கம்பாலாவரை போனது. நைரேரேவிடம் அன்று ராணுவம் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டால் என்னிடம் எதிர்வாதம் இல்லை.

தீவு நாடுகளுக்கு?

கிரிபாட்டியின் நிலப்பரப்பு 811 சதுர கிலோமீட்டர். அதன் உரிமையில் உள்ள கடலோ இந்தியாவின் நிலப்பரப்பைவிடப் பெரிது. அங்கே திருட்டுத்தனமாக வலை போடும் வெளிநாட்டுக் கப்பல்கள்தான் எதிரி. அதற்கு வேண்டியது ரோந்துப் படகும் டீசலும். பசிபிக் தீவுகள் பலவற்றுக்கு ஆஸ்திரேலியா ரோந்துப் படகுகளைக் கொடுக்கிறது.

புயல் வெள்ளத்துக்கு யார் வருவார்கள்?

சென்னைக்காரர்கள் இதைக் கேட்பது நியாயம். 2015 டிசம்பரில் விமான நிலையமே தண்ணீரில் நின்றபோது அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விமானங்கள் பறந்தன. ராணுவமும் வந்தது. அதே நேரம் தெருக்களுக்குள் படகோடு வந்து ஆட்களை மாடியிலிருந்து இறக்கியவர்களில் நம் மீனவர்கள் எத்தனை பேர்! அரக்கோணத்திலிருந்தே வந்த தேசியப் பேரிடர் மீட்புப் படை பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவதில்லை. வெள்ளத்தில் தேவைப்படுவது ரப்பர் படகு, ஹெலிகாப்டர், கயிறு, பயிற்சி. இதை ஒரு மீட்புப் படையாகவே வைத்துக்கொள்ளலாம். பசிபிக்கில் புயல் அடித்தால் பிரான்சும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து உதவி அனுப்ப 1992 முதலே ஓர் ஏற்பாடு இருக்கிறது.

ஐ.நா. அமைதிப்படைக்கு ஆள் அனுப்பினால் வருமானம் வருமே?

வரும். ஒரு வீரருக்கு மாதம் ஏறத்தாழ 1,400 டாலர் ஐ.நா. அந்த நாட்டு அரசுக்குத் தருகிறது. ஃபிஜி 1978 முதல் லெபனானுக்கும் மற்ற இடங்களுக்கும் ஆள் அனுப்புகிறது. அந்தப் பணத்தால்தான் அவ்வளவு சின்ன நாட்டில் அவ்வளவு பெரிய ராணுவம் நிலைத்தது. அங்கிருந்து திரும்பியவர்கள் சொந்த ஊரில் என்ன செய்தார்கள் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

இலங்கையைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்?

சென்னையில் இந்தப் பேச்சு எப்போதும் இங்கேதான் வந்து நிற்கும். அது இயல்பு. இலங்கை மேலே சொன்ன நாடுகள் அளவுக்குச் சின்னதல்ல. ஆனால் பாடம் பெரியது. 1949இல் மிகச் சிறியதாகத் தொடங்கிய ராணுவம் 2009இல் போர் முடிந்தபோது இரண்டு லட்சம் பேராக இருந்தது. போர் முடிந்தும் சுருங்கவில்லை. வடக்கே முல்லைத்தீவு மாவட்டத்தின் கேப்பாப்புலவில், ராணுவம் எடுத்துக்கொண்ட தங்கள் நிலத்தைக் கேட்டு முகாம் வாசலில் பெண்கள் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். ராணுவம் பண்ணை நடத்தியது, கடற்கரை விடுதி நடத்தியது. 2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் கைவிரித்த பிறகுதான், 2023 ஜனவரியில், படையை முதலில் 1,35,000ஆகவும் 2030க்குள் ஒரு லட்சமாகவும் குறைக்கப்போவதாக அரசு அறிவித்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தச் சிப்பாய்களில் பெரும்பாலோர் தெற்கே வேலை இல்லாத கிராமங்களின் பிள்ளைகள். ராணுவச் சம்பளத்தில்தான் அந்த வீடுகளில் அடுப்பு எரிகிறது. யாழ்ப்பாணத்து நிலம் திரும்ப வேண்டும் என்று கேட்கிற நாம், அந்தப் பிள்ளைகளுக்கு வேறு வேலை வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்தக் கோரிக்கை நடைமுறைக்கு வரும்.

மிச்சமாகும் பணம் பள்ளிக்கூடத்துக்குப் போகும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

ஒன்றும் இல்லை. கோஸ்டா ரிகாவில் போனது. இன்று அங்கே சராசரி ஆயுள் அமெரிக்காவுக்குச் சமமாக இருக்கிறது. ஆனால் கல்விக்கு நாட்டின் மொத்த உற்பத்தியில் 8 சதவீதம் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தும், இப்போது அதைவிடக் குறைவாகத்தான் ஒதுக்குகிறார்கள். மக்கள் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

இந்தியாவும் ராணுவத்தைக் கலைக்க வேண்டுமா?

இல்லை. இந்தியா சின்ன நாடும் இல்லை, அதன் எல்லைகள் அமைதியாகவும் இல்லை.

சரி, கலைக்க முடிவெடுத்த நாடு எங்கிருந்து தொடங்க வேண்டும்?

சிப்பாயின் வீட்டிலிருந்து. 1963 ஜனவரி 13 அன்று டோகோவின் அதிபர் ஒலிம்பியோவைக் கொன்றவர்கள், பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றிவிட்டு வேலையில்லாமல் ஊர் திரும்பியவர்கள். சொந்த நாட்டு ராணுவத்தில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஏழை நாட்டுக்குப் பெரிய படை எதற்கு என்று அவர் மறுத்தார். அவர் சொன்னது சரிதான். அவர்களுக்கு வேறு வழி காட்டாமல் விட்டது அவர் உயிரைக் குடித்தது. அமெரிக்கத் தூதரகத்துக்குள் ஒளிய முயன்றவரை அதன் வாசல் அருகே சுட்டுப்போட்டார்கள். கிழக்குத் திமோரில் 2006இல், பாகுபாடு காட்டுகிறார்கள் என்று போராடிய சுமார் 600 சிப்பாய்களை மொத்தமாக வேலைநீக்கம் செய்தார்கள். ராணுவமே மொத்தம் 1,500 பேர் அளவுதான். அடுத்து வந்த கலவரத்தில் ஒன்றரை லட்சம் பேர் வீட்டை விட்டு ஓடினார்கள்.

ஆகவே முதலில் பென்ஷன், அப்புறம் வேலை, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் கணக்கு. 1989 டிசம்பர் அமெரிக்கப் படையெடுப்புக்குப் பிறகு பனாமா, அதுவரை ஆண்ட ராணுவத் தலைவர் நொரியேகாவின் படையைக் கலைத்தபோது, மேல்மட்ட அதிகாரிகளை நீக்கிவிட்டு மற்றவர்களில் பெரும்பாலோரைப் புதிய போலீசில் சேர்த்துக்கொண்டது. பழைய ஆட்கள்தானே என்று பலர் திட்டினார்கள். 1990 டிசம்பரில் ஒரு முன்னாள் போலீஸ் தலைவர் கலகமும் செய்தார், அமெரிக்கத் துருப்புகள் வந்துதான் அடக்கின. இருந்தும் 1994இல் ராணுவத் தடையை அரசியல் சட்டத்தில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு பனாமாவில் ஒவ்வொரு ஐந்து ஆண்டும் தேர்தல் நடக்கிறது, தோற்றவர்கள் இறங்கிப் போகிறார்கள்.